மொட்டை மாடியில் ஒரு கோபுரம்



நான் விஞ்ஞானி அல்ல, டாக்டரும் அல்ல. வங்கியில் முப்பத்தாறு ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். 1974-ல் ஒரு டிரங்குப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாக தாதரில் வந்து இறங்கியவன், அன்று முதல் இன்று வரை கிங்ஸ் சர்க்கிளை விட்டு நகரவில்லை. அப்படிப்பட்டவன் செல்போன் கதிர்வீச்சைப் பற்றி எழுதப் புறப்பட்டால், "இவருக்கு ஏன் இந்த வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் கட்டிடத்து மொட்டை மாடியில் பத்து வருஷம் ஒரு செல்போன் கோபுரம் நின்றது. அதற்குக் கையெழுத்துப் போட்டவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

மகேஸ்வரி உத்தியானத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்து பாருங்கள். பூக்கடையில் மல்லிகை, டிபன் கடையில் டிகிரி காப்பி, ஷண்முகானந்தா ஹாலில் கச்சேரி போர்டு என்று நம் கண்கள் கீழேயே சுற்றிக்கொண்டிருக்கும். கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். மூன்று மாடி, நான்கு மாடிப் பழைய கட்டிடங்களின் தலையில் சாம்பல் நிறத்தில் நீளப் பெட்டிகள் நிற்கும். பக்கத்தில் மத்தளம் போன்ற வட்டத் தட்டுகள் இருக்கும். பேரன் பெங்களூரிலிருந்து பேசுவதும், பெண் சிங்கப்பூரிலிருந்து முகம் காட்டுவதும் இவற்றின் தயவில்தான். இவற்றைக் கண்டு பயப்படுகிறவர்களும் நம்மிடையே நிறைய உண்டு.

கையெழுத்துப் போட்ட கதை

எங்கள் கட்டிடம் 1930-களில் கட்டியது. பன்னிரண்டு வீடுகள். அதில் எட்டு தமிழ்க் குடும்பங்கள். நான் அப்போது சொசைட்டி செக்ரெட்டரி. 2014-ல் தண்ணீர்க் குழாய்கள் துருப்பிடித்து, வெளிச் சுவரில் பூச்சு உதிர்ந்து, ரிப்பேருக்குப் பணமில்லாமல் நாங்கள் விழித்துக்கொண்டிருந்த சமயம், கோபுரம் அமைக்கும் ஒரு கம்பெனியின் ஆள் வந்தார். மொட்டை மாடியில் ஒரு மூலையைப் பத்து வருஷ ஒப்பந்தத்தில் விட்டால் மாதா மாதம் வாடகை என்றார். அந்தத் தொகையைக் கேட்டதும் எங்கள் கமிட்டியில் ஐந்து பேர் முகத்திலும் ஒரே சமயத்தில் வெளிச்சம் வந்தது. அரை மணி நேரத்தில் தீர்மானம் எழுதினோம். மறு வாரம் கையெழுத்து ஆயிற்று.

மேல் மாடியில், அந்தக் கோபுரத்துக்கு நேர் கீழே குடியிருந்தவர்களை நாங்கள் கூப்பிட்டுக் கேட்கவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை. எல்லோருக்கும் நன்மைதானே என்ற நினைப்பு.

2015 தொடக்கத்தில் கம்பி, பெட்டி, டீசல் ஜெனரேட்டர் எல்லாம் ஏறின. அந்த வாடகையில் குழாய் மாற்றினோம், வெளிச்சுவர் பூசினோம். மாதாந்திர மெயின்டனன்ஸ் தொகையும் கொஞ்சம் குறைந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

2016-ல், நவராத்திரிக்குச் சில வாரங்கள் முன்பு, மூன்றாம் மாடி மாமிக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. பரேல் டாட்டா ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், பிறகு மருந்து. அந்த வருஷம் அவர்கள் வீட்டில் கொலு வைக்கவில்லை. மாமியைப் பார்க்க நானும் என் மனைவியும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனோம். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். பேச்சுக்கு நடுவில் சட்டென்று சொன்னார்:

"உங்களைத் தப்பா சொல்லலை. ஆனா அந்த மிஷின் வந்தப்பறம்தானே எனக்கு இது வந்தது? கையெழுத்துப் போடறச்சே எங்களை ஒரு வார்த்தை கேட்டேளா?"

எனக்குப் பதில் வரவில்லை. படி இறங்கும்போது என் மனைவியும் பேசவில்லை. அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. நாற்பது வருஷமாக எங்கள் வீட்டுக்குச் சுண்டல் கொண்டுவந்து கொடுத்த கை அது. மாமி கேட்டதில் இரண்டு கேள்விகள் இருந்தன. ஒன்று, அந்தக் கோபுரம்தான் காரணமா என்பது. மற்றது, ஏன் கேட்கவில்லை என்பது. முதல் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டேன். இரண்டாவதற்கு விடை எனக்கே தெரியும்.

மும்பையில் கிளம்பிய பயம்

இந்தப் பயம் மாமி ஒருவருக்கு வந்தது அல்ல. 2010 வாக்கிலேயே தென் மும்பையில் இது பெரிய பேச்சாக இருந்தது. கார்மைக்கேல் சாலையில் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் பலருக்குப் புற்றுநோய் வந்ததென்றும், எதிர்க் கட்டிடத்துக் கூரையில் இருந்த ஆண்டென்னாக்களே காரணமென்று குடியிருப்போர் சந்தேகிக்கிறார்களென்றும் பத்திரிகைகள் எழுதின. மலபார் ஹில்லில் சஹ்யாத்ரி அரசு விருந்தினர் மாளிகையின் மேல் இருந்த ஆண்டென்னாக்களை எதிர்த்து, பக்கத்தில் குடியிருந்த நடிகை ஜூஹி சாவ்லா குரல் கொடுத்தார். பவாய் ஐ.ஐ.டி.யில் ஆண்டென்னா துறைப் பேராசிரியரான கிரீஷ் குமார், 2010 டிசம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறைக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அப்போது இந்தியாவில் இருந்த வரம்பு மிகத் தளர்வானது, அதை வெகுவாகக் குறைக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

மத்திய அரசு அமைத்த பல அமைச்சகக் குழு 2011-ல் அறிக்கை தந்தது. 2012 செப்டம்பர் 1 முதல் கோபுரங்களுக்கான வரம்பைப் பழைய அளவில் பத்தில் ஒரு பங்காக அரசு குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்று இருந்தது 0.45 வாட் ஆயிற்று. பழைய அளவு சர்வதேசக் குழு ஒன்று வகுத்தது. பல நாடுகள் பின்பற்றியது. நாம் அதைவிடக் கடுமையாக வைத்துக்கொண்டோம்.

நீதிமன்றங்களுக்கும் விஷயம் போயிற்று. 2012 நவம்பரில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி போன்ற இடங்களிலிருந்து கோபுரங்களை அகற்றச் சொன்னது. 2017-ல், குவாலியரில் வீட்டு வேலை செய்யும் ஒருவர், பக்கத்து வீட்டுக் கூரைக் கோபுரத்தால்தான் தமக்குப் புற்றுநோய் வந்தது என்று முறையிட, உச்ச நீதிமன்றம் அந்தக் கோபுரத்தை நிறுத்தி வைக்க உத்தரவிட்டது. மாறாக, 2021-ல் 5ஜி-யை எதிர்த்து ஜூஹி சாவ்லா போட்ட வழக்கை டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்து 20 லட்ச ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது. அது 2022-ல் 2 லட்சமாகக் குறைக்கப்பட்டது. கோர்ட்டுகளே ஒரு பக்கம் இப்படியும் ஒரு பக்கம் அப்படியுமாகப் போனால், நம்மைப் போன்றவர்கள் என்ன செய்வது?

அலை என்பது என்ன?

என் தம்பி மகன் மாதுங்காவிலேயே எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். அவனைப் பிடித்து உட்கார வைத்தேன். "பெரியப்பா, கதிர்வீச்சுன்னு ஒரே வார்த்தையில எல்லாத்தையும் கட்டிப் போட்டுட்டோம். அதுதான் குழப்பம்" என்று ஆரம்பித்தான். அவன் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

எக்ஸ்-ரேயும் அணுக்கதிரும் உடம்பிலுள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி எறியும் சக்தி உள்ளவை. அதனால் மரபணு முறியும், புற்றுநோய் வரும். ரேடியோ, டெலிவிஷன், செல்போன், வைஃபை இவற்றின் அலைகளுக்கு அந்தச் சக்தி கிடையாது. நாம் கண்ணால் பார்க்கும் வெளிச்சத்தைவிடக் கூட இவற்றின் ஒவ்வொரு துகளுக்கும் சக்தி குறைவு. இவை உடம்பில் செய்வதாக உறுதியாகத் தெரிந்த காரியம் சூடேற்றுவது ஒன்றுதான். மைக்ரோவேவ் அடுப்பும் இதே இன அலைதான். ஆனால் அதில் எழுநூறு, எண்ணூறு வாட்டை ஒரு பெட்டிக்குள் அடைத்து வைக்கிறோம். வீட்டு வைஃபை பெட்டி வெளியிடுவது சுமார் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. கைபேசி அதிகபட்சம் கால் வாட் அளவு. வரம்புகள் எல்லாம் இந்தச் சூட்டை வைத்து, அதற்கு வெகு கீழே நிர்ணயித்தவை.

அடுத்தது தூரம். விளக்கிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப் போனால் வெளிச்சம் பாதியாகாது, கால் பங்காகிவிடும். அலையும் அப்படியே. கோபுரம் இருபது வாட் அனுப்பினாலும், ஐம்பது நூறு மீட்டர் தள்ளி வரும்போது அது பரவித் தேய்ந்துவிடும். கைபேசியோ காதோடு ஒட்டி இருக்கிறது. ஆகவே நம் தலைக்குள் போவது பெரும்பாலும் நம் கையிலுள்ள பேசியிலிருந்துதான். தூரத்துக் கோபுரத்திலிருந்து வருவது அதில் மிகச் சிறிய பங்கு.

மூன்றாவது விஷயம்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. கோபுரத்து ஆண்டென்னா நாலா பக்கமும் சமமாக ஒளி வீசும் பல்ப் அல்ல. டார்ச் லைட்டைப் போல நேர் எதிரே, சற்றுக் கீழ்நோக்கி அனுப்புகிறது. அதன் அடியில் மிகக் குறைவு. விளக்கின் அடி இருட்டு என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும். எங்கள் மாடிக் கோபுரத்தின் அலை மாமியின் வீட்டைவிட, எதிர்ச் சாரியில் அதே உயரத்தில் இருப்பவர்களுக்குத்தான் அதிகம். அதேபோல் எதிர்ச் சாரிக் கோபுரத்தின் அலை எங்களுக்கு வரும். எதிர்க் கட்டிடத்தில் கோபுரம் வைத்தபோது எங்களையும் யாரும் கேட்கவில்லை!

ஆராய்ச்சிகள் சொல்வது

2011 மே 31 அன்று, பிரான்ஸில் லியோன் நகரத்திலிருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, ரேடியோ அலைகளை '2பி' என்ற பிரிவில் சேர்த்தது. 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ளவை' என்பது அந்தப் பிரிவின் பெயர். மறுநாளே பத்திரிகைகள் எல்லாம் கொட்டை எழுத்தில் போட்டன. '2பி' என்றால் சந்தேகம் இருக்கிறது, சாட்சி போதாது என்று அர்த்தம். அதே பிரிவில் ஆசிய முறையில் உப்பிலிட்ட காய்கறிகளும் உண்டு. (நம் வீட்டு வடுமாங்காயை நினைத்துப் பதற வேண்டாம், அவர்கள் சொன்னது கீழை நாட்டு முறைகளை.)

அதற்கு ஆதாரமாக நின்றதில் முக்கியமானது 13 நாடுகளில் நடந்து 2010-ல் வெளிவந்த 'இன்டர்ஃபோன்' ஆய்வு. மொத்தத்தில் செல்போனால் மூளைக்கட்டி கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் மிக அதிகம் பேசியவர்களில், அதாவது ஆயுளில் மொத்தம் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்னவர்களிடம், ஒரு வகைக் கட்டி 40 சதவிகிதம் அதிகம் காணப்பட்டது. நோயாளிகள் பழசை நினைவிலிருந்து சொன்னதால் அதில் பிழை இருக்கலாம் என்று ஆய்வாளர்களே குறிப்பிட்டார்கள். நோய் வந்தவன் காரணத்தைத் தேடுவான்; நினைவும் அவனுக்கு ஒத்துழைக்கும். மாமியை நினைத்துக்கொண்டேன்.

பிறகு வந்தவை பெரும்பாலும் ஆறுதலானவை. டென்மார்க்கில் சுமார் 4 லட்சத்து 20 ஆயிரம் சந்தாதாரர்களைத் தொடர்ந்து கவனித்ததில் புற்றுநோய் கூடவில்லை. பிரிட்டனில் 7 லட்சத்து 76 ஆயிரம் பெண்களைக் கவனித்து 2022-ல் வெளியிட்ட ஆய்விலும் செல்போன் உள்ளவர், இல்லாதவர் இருவரிடையே மூளைக்கட்டியில் வித்தியாசம் தெரியவில்லை. 2024-ல், உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டபடி 63 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், பத்து வருஷத்துக்கு மேல் உபயோகித்தவர்களிடமும் மூளைப் புற்றுநோய்க்குத் தொடர்பு காணவில்லை என்றார்கள்.

எதிர்க்கட்சியின் சாட்சியையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று எலிகளை இரண்டு வருஷம், தினம் ஒன்பது மணி நேரம் பலமான அலையில் வைத்துப் பார்த்து 2018-ல் முடிவை வெளியிட்டது. ஆண் எலிகளுக்கு இதயத்தில் ஒரு வகைக் கட்டி வந்தது. பெண் எலிகளில் அப்படித் தெளிவாகத் தெரியவில்லை. அலை பட்ட ஆண் எலிகள் படாதவற்றைவிட அதிக நாள் உயிரோடு இருந்தன என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது! நாம் எலியும் அல்ல. அவ்வளவு அலையில் இருப்பதும் இல்லை. ஆனாலும் "கதை முடிந்தது, இனி ஆராய வேண்டாம்" என்று சொல்ல விஞ்ஞானிகளும் தயாரில்லை. குழந்தைகள் முன்னைவிடச் சிறு வயதில் கைபேசியைப் பிடிக்கிறார்கள். அவர்களின் ஆயுள் முழுவதுக்குமான கணக்கு இனிமேல்தான் வரவேண்டும்.

மாமியின் கட்டியைப் பற்றி அவரைப் பார்த்த டாக்டரிடமே கேட்டேன். "இந்தக் கட்டி கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு வளரவே பல வருஷம் ஆகியிருக்கும். உங்கள் கோபுரம் வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது" என்றார். இந்திய நகரங்களில் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் இதுதான் என்றும் சொன்னார். "ஏன் எனக்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு தனி மனுஷிக்கு இதுதான் காரணம் என்று யாராலும் கைகாட்ட முடியாது" என்றார்.

அளந்து பார்த்தோம்

2017-ல் மத்திய தொலைத்தொடர்புத் துறை 'தரங் சஞ்சார்' என்ற இணையதளத்தைத் திறந்தது. உங்கள் தெருவில் எந்தெந்தக் கோபுரங்கள் இருக்கின்றன, அவை வரம்புக்குள் இயங்குகின்றனவா என்று அதில் பார்க்கலாம். 4,000 ரூபாய் கட்டினால் நேரில் வந்து அளந்து காட்டுவார்கள் என்று அறிவித்திருந்தார்கள். 2018-ல் என் சொந்தப் பணத்தில் கட்டினேன். சொசைட்டி கணக்கில் எழுத மனம் வரவில்லை.

கருவியோடு வந்தவர்கள் மொட்டை மாடி, மாமியின் படுக்கை அறை, பால்கனி, கீழ் வீடுகள் என்று எல்லா இடத்திலும் அளந்தார்கள். மாமி ஊஞ்சலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா இடத்திலும் அளவு வரம்புக்கு வெகு கீழே இருந்தது. தம்பி மகன் சொன்னபடியே, மாமியின் படுக்கை அறையைவிட எதிர்ச் சாரியைப் பார்த்த பால்கனியில்தான் அதிகம். கருவியைப் பால்கனியில் பிடித்தபோது மாமி, "அது எதிர்த்தாத்து மிஷினா?" என்று கேட்டார். ஆமாம் என்றார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று எனக்குக் காப்பி வந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் குடித்த காப்பி.

அதே சமயம் மொட்டை மாடியில் வேறொன்றும் கண்ணில் பட்டது. கோபுரத்தின் கால்கள் ஊன்றிய இடத்தில் தளம் கீறிவிட்டிருந்தது. ஜெனரேட்டர் அதிர்ந்து அதிர்ந்து, மழைத் தண்ணீர் இறங்கி, மாமியின் சமையலறை மேற்கூரையில் ஈரம் பரவியிருந்தது. எண்பது வருஷக் கட்டிடத்தின் தலையில் அவ்வளவு எடையை ஏற்றும் முன் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரை நாங்களாகவே கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும். கம்பெனி கொண்டுவந்த சர்ட்டிபிகேட்டை நம்பினோம். கண்ணுக்குத் தெரியாத அலையைப் பற்றி எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டிருக்க, கண்ணுக்குத் தெரிந்த விரிசலை ஒருவரும் பார்க்கவில்லை.

சிட்டுக்குருவியைப் பற்றியும் கேட்பீர்கள். 2018-ல் ஷங்கரின் '2.0' படம் வந்த பிறகு, நம் வீட்டுக் குழந்தைகள் எல்லாம் குருவியைக் கொன்றது செல்போன்தான் என்று சொல்கிறார்கள். பழைய வீடுகளின் சந்து பொந்து போயிற்று. கூடு கட்ட இடமில்லை. குஞ்சுக்குப் புழு பூச்சி இல்லை. இந்தக் காரணங்களை விஞ்ஞானிகள் அதிகம் சொல்கிறார்கள். நான் வந்த காலத்தில் இங்கே மளிகைக் கடை வாசலில் கோணிச் சாக்கிலிருந்து சிந்தும் அரிசிக்குக் குருவிகள் கூட்டமாக வரும். இப்போது எல்லாம் பிளாஸ்டிக் பாக்கெட். குருவி எங்கே வரும்?

பொதுக்குழுவில் மாமி

2024-ல் ஒப்பந்தம் முடிந்தது. கம்பெனி வாடகையை உயர்த்தித் தருவதாகச் சொன்னது. இந்தத் தடவை பன்னிரண்டு வீட்டுக்கும் நோட்டீஸ் கொடுத்துப் பொதுக்குழு கூட்டினோம். நான் படித்ததையும் அளந்ததையும் எழுந்து நின்று படித்தேன். அலையால் ஆபத்து என்பதற்கு ஆதாரம் இல்லை, தளத்துக்கு ஆபத்து என்பதற்கு ஆதாரம் இருக்கிறது என்று முடித்தேன். பிறகு மாமியைப் பார்த்து, "அன்னிக்குக் கேட்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு" என்றேன். பத்து வருஷத்தில் இதை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

மாமி எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்: "அதாலே வரலேன்னு டாக்டரும் சொல்லிட்டார், நீங்களும் அளந்து காமிச்சுட்டேள். நம்பறேன். ஆனா தலைக்கு மேலே அது நிக்கறச்சே எனக்கு ராத்திரி தூக்கம் வரலை. எட்டு வருஷமா வரலை. அதுக்கு உங்க கணக்குலே இடம் உண்டா, இல்லையா?"

வங்கியில் இருந்த முப்பத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு பதிவை நான் போட்டதில்லை. ஆனால் உண்டு என்றே தோன்றியது. பயமும் உடம்பைக் கெடுக்கும், தூக்கமின்மையும் நோய்தான். வாடகை வேண்டும் என்று மூன்று வீட்டார் சொன்னார்கள். அவர்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். ஒன்பது வீட்டார் வேண்டாம் என்றார்கள். கோபுரம் இறங்கியது. மெயின்டனன்ஸ் தொகை ஏறியது. முணுமுணுப்பும் இருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். கோபுரம் போன பிறகு எங்கள் கட்டிடத்தில் சிக்னல் மட்டம். அமெரிக்காவிலிருந்து பிள்ளை கூப்பிட்டால் மாமி பால்கனிக்குப் போய், எதிர்ச் சாரிக் கோபுரத்தைப் பார்த்து நின்றுகொண்டு பேசுகிறார். சிக்னல் குறைந்தால் கைபேசி இன்னும் பலமாக அலையை அனுப்பும். கோபுரத்தை விரட்டினால் அலை போய்விடாது. கொஞ்சம் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் மாமி தூங்குகிறார்.

நாம் செய்யக்கூடியவை

பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். செலவில்லாத சில பழக்கங்கள் போதும்.

நீண்ட நேரம் பேசும்போது ஸ்பீக்கரிலோ, காதில் மாட்டும் கம்பியிலோ பேசுங்கள். கைபேசி ஒரு முழம் தள்ளியிருந்தாலே தலைக்கு வரும் அலை வெகுவாகக் குறைந்துவிடும்.

லிப்டிலும், ஓடும் லோக்கல் ரயிலிலும், சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்திலும் வளவளவென்று பேசாதீர்கள். அங்கேதான் கைபேசி அதிகம் உழைக்கிறது.

பேஸ்மேக்கர் வைத்திருக்கும் பெரியவர்கள் கைபேசியைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது. கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். இது சந்தேகத்துக்காகச் சொல்வதல்ல, டாக்டர்கள் சொல்லும் விதி.

புதுக் கைபேசி வாங்கும்போது 'எஸ்.ஏ.ஆர்.' அளவைப் பாருங்கள். 2013 செப்டம்பர் முதல் இந்தியாவில் கிலோவுக்கு 1.6 வாட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதித்தார்கள். பல கைபேசிகளில் நட்சத்திரக் குறி, ஹாஷ், 07, ஹாஷ் என்று அழுத்தினால் அந்த அளவு தெரியும்.

'கதிர்வீச்சைத் தடுக்கும் தகடு' என்று ஸ்டிக்கர் விற்க வருவார்கள், வாங்காதீர்கள். அலையைத் தடுத்தால் பேச முடியாது. பேச முடிந்தால் அது தடுக்கவில்லை என்று அர்த்தம்.

குழந்தைக்குச் சோறு ஊட்டக் கைபேசியைக் கொடுக்காதீர்கள். அலையால் வரும் கெடுதல் சந்தேகத்துக்குரியது. தூக்கம், கண், பேச்சு இவற்றுக்கு வரும் கெடுதலை நம் வீட்டிலேயே பார்க்கிறோம். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனில் தண்டவாளம் தாண்டுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. செல்போனால் சாவு என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது அதுதான்.

கடைசியாக, ஊரில் நிலமோ பூர்வீக வீடோ வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். "உங்கள் இடத்தில் டவர் வைக்கிறோம், லட்சக்கணக்கில் அட்வான்ஸ், முதலில் இவ்வளவு பணம் கட்டுங்கள்" என்று செய்தி வரும். அரசு முத்திரை போட்ட கடிதம் கூட வரும். மோசடி. கோபுரம் வைக்கிறவர்கள் நமக்குத்தான் வாடகை கொடுப்பார்கள். நம்மிடம் பணம் கேட்க மாட்டார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயே இதை எச்சரித்திருக்கிறது.

உங்கள் சொசைட்டிக்கும் ஒரு நாள் அந்தக் கம்பெனி ஆள் வருவார். வைக்கலாமா, கூடாதா என்று நான் சொல்ல மாட்டேன். அது உங்கள் கட்டிடத்தின் பலத்தையும் தேவையையும் பொறுத்தது. ஒன்று மட்டும் செய்யுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன், பேனாவை மூடி வைத்துவிட்டு மேல் மாடிக்கு ஏறிப் போய்க் கதவைத் தட்டுங்கள். எனக்கு அதற்கு இருபது படிகள்தான் ஏற வேண்டியிருந்தது. ஏறியிருக்கலாம்.

சென்ற நவராத்திரிக்கு மாமி வீட்டில் ஏழு படிக் கொலு. எங்கள் வீட்டுக்குச் சுண்டல் வந்தது.